சித்திரை வெயிலில் இஞ்சி பீர்: முட்டை நாற்றமும் மருந்து நெடியும்

வாசகர் கேள்வி:

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியார் மன்னார்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். இஞ்சியும் இனிப்பும் சேர்த்து நொதிக்க வைக்கும் நுரைப் பானமான இஞ்சி பீரை அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே செய்வார்களாம். அவரிடம் கற்றுக்கொண்டு சென்ற மார்கழியில் செய்தேன், நன்றாகவே வந்தது. பிள்ளைகளின் விடுமுறைக்காகச் சித்திரையில் மறுபடி தொடங்கியதிலிருந்து ஒன்றுமே சரியாக வரவில்லை. முதலில் சீனி போட்டுச் செய்தது இரண்டாம் நாள் அழுகிய முட்டை போல நாறியது. டிரம்மில்தான் அழுக்கு என்று நினைத்து, அதை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு, குழாய்த் தண்ணீரில் மீண்டும் செய்தேன். இந்த முறை ஆஸ்பத்திரி மருந்து நெடி. கூடவே நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை. கடைசியாகச் சீனியை விட்டுவிட்டுச் சாயல்குடி கருப்பட்டியில் செய்தேன். அது குழந்தை கக்கிய பால் போல வீசியது. அடுத்த முறை நொதிக்க வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த உறைப் பாட்டிலில் வெள்ளைப் படலமும் கட்டிவிட்டது. முதலில் செய்ததை அடைத்து வைத்திருந்த கண்ணாடி பாட்டில்களில் ஒன்று நேற்று அடுப்படியில் வெடித்தது; மற்றவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. செப்புக் காசு போட்டால் நாற்றம் போகும் என்கிறார் மாமியார். சமையல் சோடா போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் தம்பியோ, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாங்கி இதே டிரம்மில் உண்மையான பீரே போடலாமா என்று கேட்கிறான். ராமேஸ்வரத்தில் ஒரு கடைக்காரர் நன்றாக வந்தால் விற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன செய்யலாம்?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி,

நாற்றத்தைப் பிறகு பார்ப்போம். அடுப்படியில் மிச்சமிருக்கும் கண்ணாடி பாட்டில்களை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சீனி கரைத்திருந்து, அது முழுவதும் நொதித்துவிட்டால், 25 லிட்டருக்கும் அதிகமான கரியமில வாயு உண்டாகும். கடையில் விற்கும் சோடாவில் ஒரு லிட்டருக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் வாயுதான் அடைபட்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், உங்கள் பாட்டில் ஏன் வெடித்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாட்டில்கள் மேல் கனமான ஈரச் சாக்கைப் போர்த்தி, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த துணியும் இருக்க, சாக்கோடு சேர்த்தே தூக்கி, ஐஸ் நிரப்பிய மீன் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும் என்பதால் உள்ளழுத்தம் குறையும். ஒரு நாள் கழித்து, வெட்டவெளியில், துணியால் மூடியபடியே மூடியை மெல்லத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள். இனிமேல் கண்ணாடி பாட்டில் வேண்டாம். குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலே இந்த வேலைக்கு ஏற்றது. விரலால் அழுத்தும்போது உள்வாங்காமல் விறைத்து நின்றால், வாயு போதும், உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும் என்று பொருள்.

இப்போது நாற்றத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியவை நான்கும் நான்கு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைத் திருத்தப் போய் அடுத்ததை வரவழைத்திருக்கிறீர்கள் என்பதும் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு அடியில் ஒரே காரணம் இருக்கிறது: வெக்கை. மார்கழியில் நன்றாக வந்ததும் சித்திரையில் கெட்டதும் கைப்பக்குவம் மாறியதால் அல்ல.

நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் நிதானமாக வேலை செய்வது 20 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில். மார்கழி இரவில் உங்கள் தீவு ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது. சித்திரையிலோ, கடல் சூழ்ந்த ஊர் என்பதால், பகலில் உள்நாட்டைப் போலக் கொளுத்தாவிட்டாலும், இரவில் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதற்கு மேல், நொதிக்கும் கரைசல் தானாகவே சூடாகும் இயல்புடையது. அறையைவிட டிரம்மின் உட்புறம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். ஆக உங்கள் ஈஸ்ட் இரவும் பகலும் 30 டிகிரிக்கு மேலேயே கிடந்திருக்கிறது. அந்த வெப்பத்தில் அது சாகாது. மாறாக, இரண்டு நாள் வேலையை ஒரு நாளுக்குள் முடித்துத் தள்ளும். அப்படி அவசரமாக வேலை செய்யும்போதுதான் காரமான உயர் ஆல்கஹால்களும், எத்தில் அசிட்டேட் என்னும் பொருளும் அளவுக்கு மீறி உருவாகின்றன. நகச்சாயம் அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருக்கும் கரைப்பான் அந்த எத்தில் அசிட்டேட்டேதான். உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. மிகக் குறைந்த அளவில் அது பழ மணமாகத் தோன்றும், அளவு மீறினால் நெடியாக ஏறும். காற்றுப் புகும்படி டிரம்மைத் திறந்து வைத்திருந்தால் காட்டு ஈஸ்ட்களும் சேர்ந்து அதே பொருளை இன்னும் கூடுதலாக உண்டாக்கும். வந்துவிட்ட பிறகு அதை நீக்க வீட்டில் வழியில்லை. வராமல் தடுப்பது குளிர்ச்சி ஒன்றுதான்.

குளிரூட்ட ஈரத்துணி சுற்றலாமா என்று கேட்பீர்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் அது ஓரளவு உதவும். காற்று அடங்கி ஈரப்பதம் ஏறிக் கிடக்கும் சித்திரை இரவுகளில் துணி உலராது, உலராத துணி குளிர்விக்காது. உங்கள் ஊரில் இதைவிட நல்ல வசதி கையருகிலேயே இருக்கிறது. நண்டும் மீனும் ஏற்றுமதிக்குப் போகும் தெர்மாகோல் பெட்டியில் புதிதாக ஒன்றை வாங்கி, அதற்குள் பாத்திரத்தை இறக்கி, பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை நிறுத்தி மூடிவிடுங்கள். காலையும் மாலையும் பாட்டிலை மாற்றினால் போதும். மீன்தொட்டி வெப்பமானி ஒட்டியைப் பாத்திரத்தின் மேல் ஒட்டி வைத்தால் ஊகிக்கும் வேலையும் இருக்காது. பழைய பெட்டி மட்டும் வேண்டாம். தெர்மாகோலில் ஏறிய மீன் கவிச்சி எத்தனை கழுவினாலும் போகாது, மூடிய பெட்டிக்குள் அது பானத்துக்கும் ஏறும். டிரம்முக்கும் இதே விதிதான். ஊறுகாயோ கருவாடோ ஒரு முறை இருந்த பிளாஸ்டிக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எவர்சில்வர் பாத்திரமோ பீங்கான் ஜாடியோ நல்லது.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவின் நாற்றம். அது எங்கிருந்து வந்தது என்று அறிய, அது எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் சில இடங்களில் தானே இந்த வாடையோடு வரும். எனவே சீனியும் இஞ்சியும் போடுவதற்கு முன், வெறும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி நிரப்பி, மூடிக் குலுக்கி, திறந்து மோந்து பாருங்கள். அதிலேயே நாற்றம் இருந்தால் ஈஸ்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, தண்ணீரை மாற்றுங்கள். கரிப்பு உள்ள கிணற்று நீரும் ஈஸ்ட்டுக்குச் சுமைதான், அதையும் தவிர்க்கலாம். தண்ணீர் சுத்தமாக இருந்து, உங்களுக்கு நடந்ததைப் போல இரண்டாம் நாள் நாற்றம் எழுந்தால், ஈஸ்ட் பட்டினி கிடக்கிறது என்று கொள்ளுங்கள். பார்லி மால்ட்டில் காய்ச்சும் பீரில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்து தானியத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. வெள்ளைச் சீனியில் அது அறவே இல்லை. இஞ்சியில் கொஞ்சம் உண்டு, போதாது. நைட்ரஜன் கிடைக்காத ஈஸ்ட், கந்தகத்தைப் புரதமாக்கி முடிக்க வழியின்றி, அதை வாயுவாக வெளியே விடுகிறது. இதோடு, நம் நாட்டு ஆலைகள் பலவற்றில் சீனிப் பாகு கந்தகப் புகையால் வெளுக்கப்படுகிறது; மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும் வெல்லத்தில் ஹைட்ரோஸ் என்னும் கந்தக வெளுப்பான் கலந்திருப்பதும் உண்டு. அப்படித் தங்கிய சல்ஃபைட் என்னும் கந்தகச் சேர்மத்தையும் ஈஸ்ட் அதே வாயுவாக மாற்றும்.

இதற்குப் பீர் காய்ச்சுவோர் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. இஞ்சித் தண்ணீர் கொதிக்கும்போதே, ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட்டில் அரைத் தேக்கரண்டியை அதில் போட்டுவிடுங்கள். கொதியில் செத்த ஈஸ்ட், பின்னால் ஆறிய பிறகு நீங்கள் சேர்க்கும் உயிருள்ள ஈஸ்ட்டுக்கு உணவாகும். உயிருள்ளதாகச் சேர்ப்பது ஐந்து லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போதும். ஆனால் கடை வெக்கையில் நாட்பட்டுக் கிடந்த பொட்டலம் பாதி செத்திருக்கும் என்பதால், வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் தூவி, கால் மணி நேரத்துக்குள் நுரைக்கிறதா என்று பார்த்தே சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் லேசான முட்டை வாடை வந்தால் பதற வேண்டாம். நொதித்தல் சுறுசுறுப்பாக நடக்கும்போது வரும் வாயுவே அதைப் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். பாட்டிலில் அடைப்பதற்கு முன் அது போயிருக்க வேண்டும். அடைத்துவிட்டால் உள்ளேயே தங்கும்.

உங்கள் மாமியார் சொன்ன செப்புக் காசில் உண்மை இல்லாமல் இல்லை. செம்பு அந்தக் கந்தக வாயுவைப் பிடித்துக்கொள்ளும், நாற்றம் குறையும். ஆனால் இஞ்சி பீர் புளிப்புள்ள பானம். அதில் ஊறும் செம்பு கரைந்து பானத்தில் இறங்கும். பிள்ளைகள் குடிப்பதற்கு அது ஏற்றதல்ல என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மருந்து நெடி நீங்களே வரவழைத்தது. காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஏற்கெனவே குளோரின் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரும் குளோரின்தான். இஞ்சியிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால் வகைப் பொருள்களோடு அது சேரும்போது குளோரோபீனால்கள் உண்டாகின்றன. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும் பொருள் அது. குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் கொதிக்க விட்டால் குளோரின் போய்விடும். பாத்திரத்தைச் சோப்பில் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மட்டும் கொதிநீர் கூடாது, கை பொறுக்கும் சூடு போதுமானது. அந்த டிரம்மைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியில் செய்தது ஏன் அப்படி வீசியது என்பது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் சுவையான பகுதி. பனை ஏறுபவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவது பதநீர் கள்ளாகப் புளித்துவிடாமல் இருப்பதற்காகத்தான். காய்ச்சும்போது அந்தச் சுண்ணாம்பின் ஒரு பகுதி கருப்பட்டியோடே தங்கிவிடுகிறது. நொதிக்கக் கூடாது என்று தடவிய சுண்ணாம்பு இருக்கும் பொருளைக் கரைத்து வைத்து, நொதி என்கிறோம். கரைசல் புளிப்பில்லாமல், சில சமயம் காரத்தன்மையோடே தொடங்குகிறது. ஈஸ்ட்டுக்குப் புளிப்பு பிடிக்கும்; பால் திரிந்த வாடையான பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுக்குப் பிடிக்காது. மண்ணிலிருந்து இஞ்சியோடு ஒட்டி வரும் அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. ஆகவே கொதிக்க வைத்துவிட்டோம் என்ற நிம்மதி இங்கே செல்லாது. வெக்கையும் காற்றில்லாத இடமும் புளிப்பில்லாத இனிப்புக் கரைசலும் ஒருங்கே கிடைத்தால் அது ஈஸ்ட்டை முந்திவிடும்.

எனவே கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்க வைத்து, ஓர் இரவு தெளிய விட்டு, அடியில் படியும் வண்டலை விட்டுவிட்டு மேலாக வடித்துக்கொள்ளுங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 4.5-க்குக் கீழே வரும்வரை இறக்க வேண்டும். சுண்ணாம்பு கூடுதலான கருப்பட்டி எலுமிச்சையை நிறையவே கேட்கும். நாக்கை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் இனிப்பு புளிப்பை மறைத்துவிடும். பிஎச் தாள் இறால் பண்ணைக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பாதி சீனி, பாதி கருப்பட்டி என்று கலப்பது என் விருப்பம். கருப்பட்டி மட்டும் போட்டால் இஞ்சியின் சுவை அமுங்கிப் போகிறது. உங்களிடம் இப்போது இருக்கும் அந்தக் கருப்பட்டிப் பானத்தை ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். சமையல் சோடா வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே. அது புளிப்பை முறிக்கும். புளிப்புதான் இந்தப் பானத்துக்கு இருக்கும் ஒரே காவல்.

உறையின் மேல் வந்தது சமதளமான, சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் என்றால் அது காற்றில் வளரும் படல ஈஸ்ட்; பெரும்பாலும் தீங்கு செய்யாது, சுவையைக் கெடுக்கும். பஞ்சு போலவோ பச்சை, கறுப்பு நிறமாகவோ இருந்தால் அது பூஞ்சை. இரண்டில் எதுவானாலும் அந்த உறையைத் தொடராதீர்கள். பழைய உறையிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்த்துக்கொண்டே போகும்போது, நல்லதோடு காட்டு ஈஸ்ட்டும் சேர்ந்து பெருகிக்கொண்டே வரும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிசாலையில் பீர் இப்படித்தான் கெட்டது. அங்கிருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. மாமியார் கையால் வந்த உறை என்ற பாசம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கோடையில் ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டல ஈஸ்ட்டே மேல்; உறையை மார்கழிக்கு மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். எந்தப் பாத்திரத்தையும் மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டுங்கள். பழ ஈ ஒன்று உள்ளே விழுந்தாலே காடி ஆக்கும் பாக்டீரியா வந்து சேர்ந்துவிடும்.

தம்பியின் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு மட்டும்தான், விற்பதற்கில்லை என்பது சமாதானமாகாது. அவருக்கு நான் வழிமுறை சொல்ல மாட்டேன்.

இது உங்கள் இஞ்சி பீரையும் தொடும் செய்தி என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஈஸ்ட் வாயுவை மட்டும் தனியாக உண்டாக்குவதில்லை. ஏறத்தாழ அதே எடைக்கு ஆல்கஹாலையும் உண்டாக்குகிறது. ஒரு லிட்டரில் 8 கிராம் சீனி நொதித்தாலே ஆல்கஹால் 0.5 சதவீதத்தை எட்டிவிடும். நம் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் அதற்கு மேல் போனால் அது மதுபானம். அந்த 8 கிராம் தரும் வாயுவோ கடைச் சோடாவின் நுரையில் பாதியளவுதான். அதாவது, சுரீர் என்று நுரைக்கும் அளவுக்கு நொதிக்க விட்ட இஞ்சி பீர் எல்லையைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் நொதித்தலை நம்பாதீர்கள். இஞ்சி, எலுமிச்சை, வடித்த கருப்பட்டி மூன்றையும் கெட்டியான பாகாகக் காய்ச்சிக் குளிரில் வைத்துக்கொண்டு, குடிக்கும்போது கோலி சோடாவில் கலந்து கொடுங்கள். நுரையும் இருக்கும், ஆல்கஹாலும் இராது, வெடிக்க ஒன்றும் இல்லை.

ராமேஸ்வரம் கடைக்காரருக்கும் இந்தப் பாகையே கொடுங்கள். நொதித்த பானத்தைப் பாட்டிலில் அடைத்து, வெயிலில் கிடக்கும் கடை முகப்புக்கு அனுப்பினால், அங்கே அது தொடர்ந்து நொதிக்கும். உங்கள் அடுப்படியில் நேற்று நடந்தது யாத்திரை வந்தவர் கையில் நடக்கலாம். பாகு விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். பதிவு எண்ணையும் தயாரித்த தேதியையும் பாட்டிலின் மேல் அச்சிட்டே கொடுக்க வேண்டும்.